நின்ற பிறகும் எரிந்த விளக்கு

அப்பா,

இன்று காலை உங்கள் சைக்கிளை வெளியே எடுத்தோம். எங்கள் லயத்து வீட்டு வாசற்படியைத் தாண்ட மாமா முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரம் படியில் பட்டுச் சுற்றியது, விளக்கு எரிந்தது. எட்டு மாதமாகச் சாக்கு போர்த்திக் கிடந்த சைக்கிள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ரொட்டியைத் திருப்பினார். நானும் அழவில்லை. எனக்கு இன்னும் அழுகையே வரவில்லை.

மாமாவுக்கு நானுஓயா பக்கம் காவல் வேலை கிடைத்திருக்கிறது. நடந்து போக முடியாத தூரம். அதனால் சைக்கிளைக் கேட்டார், அம்மா சரி என்றார்.

நீங்கள் தோட்ட வேலை பார்த்த பங்களாவில் தங்கிய வெள்ளைக்காரர் இந்தச் சைக்கிளை உங்களிடம் விட்டுப்போன நாள் நினைவிருக்கிறது. உங்கள் பழைய சைக்கிளில் டைனமோ டயரோடு உரசி ஓடும். மழையில் வழுக்கி, வேண்டிய நேரத்தில் விளக்கு போய்விடும். இதில் நீங்கள் டைனமோவைத் தேடினீர்கள். "விளக்கு இருக்கு, டைனமோவக் காணோம் பாப்பா. எவனாச்சும் கழட்டிட்டானோ?"

மறுநாள் பஜாரில் சைக்கிள் கடைக்கார நானா முன்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். அது சீராகச் சுற்றாமல் விட்டு விட்டுத் தட்டியது. "பெயாரிங் போயிட்டு. கழட்டி கிரீஸ் போடுவம்" என்று ஸ்பேனரை எடுத்தார். நான் உங்களுக்குப் பின்னால் நின்றேன். கெம்பஸ் படிப்பு முடித்து வந்த பிறகும் வெளியாள் முன்னால் எனக்கு வாய் வராது. உங்கள் சட்டையை இழுத்துக் காதில் சொன்னேன்.

"நானா, ஸ்பேனரக் கீழ வைங்க. உள்ளுக்குக் காந்தம் இருக்குன்னு படிச்ச புள்ள சொல்லுது."

"படிச்ச புள்ளைக்கு வாய் இல்லையா? எனக்கும் சொல்லட்டுமே!"

சொன்னேன். நடுவில் இருக்கிற அந்தத் தடித்த உருளைதான் டைனமோ. அச்சோடு கம்பிச்சுருள் அசையாமல் நிற்கும். சக்கரத்தோடு காந்தம் அதைச் சுற்றி வரும். அப்படித்தான் கரண்ட் பிறக்கிறது. கையில் தட்டுவது காந்தத்தின் இழுப்பு, பழுது இல்லை. நானா சக்கரத்தை இன்னொரு தடவை சுற்றினார். "அப்ப மழையில வழுக்காது" என்றார். உங்கள் முகத்தில் அன்றிருந்த பெருமையை நான் நேராகப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள்தான் அதைக் கண்டுபிடித்தீர்கள். சைக்கிளை நிறுத்திய பிறகும் விளக்கு மங்கலாக எரிந்தது. ஓடும்போது கொஞ்சம் கரண்டை விளக்கு சேர்த்து வைத்துக்கொள்கிறது என்றேன். நீங்கள் போனில் நேரம் பார்த்தீர்கள். "நாலரை நிமிசம்! போச்சு, இனிக் கோயில்கிட்ட நின்னு வெத்தில போட்டா இது ஒங்கம்மாகிட்டக் காட்டிக் குடுத்துரும்."

அதுவே பழக்கமானது. மாலையில் பனிமூட்டம் இறங்கும் நேரம், கீழே கோயில் திருப்பத்தில் உங்கள் விளக்கு தெரிந்தால் நான் தேநீருக்குக் கேத்தலை அடுப்பில் வைப்பேன். விளக்கு மங்கினால் வெற்றிலை. அவசரம் இல்லை.

அந்தக் கடைசி மாலையிலும் விளக்கு வந்தது, மங்கியது, அங்கேயே நின்றது.

"அப்பா வெத்தில போடுறாங்க" என்றேன்.

"போட்டுட்டு வரட்டும்" என்றார் அம்மா.

பிறகு விளக்கு அணைந்தது. அப்படியானால் நாலரை நிமிடமாகச் சக்கரம் சுற்றவில்லை. அது எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லித் தந்தவளே நான்தான். ஆனாலும் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்து, கேத்தலை அடுப்போரம் நகர்த்தி வைத்தேன். தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் படியில் போனால் அந்தத் திருப்பம் மூன்று நிமிடம்.

பூசாரி வந்து கூப்பிட்ட பிறகுதான் ஓடினோம். சைக்கிளை ஒழுங்காக ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்திருந்தீர்கள். விளக்கு எங்கள் லயத்தைப் பார்த்திருந்தது. வெற்றிலைப் பை மடித்தபடியே இருந்தது.

"முன்னாடியே போயிருந்தாலும் ஒன்னும் செஞ்சிருக்க ஏலாது புள்ள" என்றார் தோட்டத்து மருந்தகத்து டிஸ்பென்சர் ஐயா. உண்மையாக இருக்கலாம். எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். நான் திருப்பிக் கேட்கவில்லை.

இன்று மாமாவோடு அத்தையும் வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலில் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் நானாகவே பேசினேன்.

"அத்தை, இது நின்ன பிறகும் கொஞ்ச நேரம் எரியும். மங்கலா ஒரே எடத்துல நின்னா மாமா ஓட்டலன்னு அர்த்தம். எரியுதேன்னு இருந்துறாதீங்க. போய்ப் பாருங்க."

"பீடி குடிக்க நின்னாலுமா?" மாமா சிரித்தார்.

"நின்னாலும்."

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அத்தை என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தார்.

இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். நான் கோப்பைகளைக் கழுவ வெளியே எடுத்து வைத்தேன். கோயில் திருப்பத்தில் சைக்கிள் நின்றது. மாமா குனிந்து செருப்பைச் சரி செய்துகொண்டிருந்தார். மேலிருந்தே நன்றாகத் தெரிந்தது.

அத்தை திரும்பிப் பார்த்தபோது, கையில் ஈரக் கோப்பையோடு நான் குறுக்குப் படியில் பாதி இறங்கியிருந்தேன்.