நாய் கடித்த இடத்துப் பாறை

என் ஜெபா அண்ணா,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உன் மேல் உள்ள கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

பாறசாலை வீட்டு முன்னறை முழுக்க உன் கற்கள். அண்ணிக்கு ஒரு நாற்காலி போடக்கூட இடமில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நாம் சேர்ந்து எழுதத் தொடங்கிய கட்டுரைக்கே ஆதாரமான அந்தக் கறுப்புக் கல்லின் சீட்டில் என்ன எழுதி வைத்திருக்கிறாய்? "அம்பூரி. ரப்பருக்கு மேலே, நாய் கடிச்ச இடம்." கல்லூரியில் இருபது வருஷம் நிலவியல் சொல்லிக்கொடுத்த ஆள் எழுதுகிற முகவரியா இது? ஆய்விதழ்க்காரர்கள் அட்சரேகை, தீர்க்கரேகை கேட்கிறார்கள். நாயின் பெயரையா அனுப்புவேன்?

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இருந்த ஒரு கடலின் தரை அது, இரண்டு நிலங்கள் மோதியபோது நடுவில் சிக்கி மேலே வந்த துண்டு என்றாய். இல்லை, கடல்தரை நிலத்துக்கு அடியில் புதைந்தபோது ஆழத்தில் பாறை உருகி, அந்தக் குழம்பு மேலேறி உறைந்தது என்றேன் நான். சென்னை ஆய்வகத்தில் கல்லைச் சீவி, அதிலிருந்த பைராக்சீன், ஸ்பினல் என்ற இரண்டு கனிமங்களையும் புள்ளி புள்ளியாக அளந்தேன். ஸ்பினலில் குரோமியம் அதிகம், டைட்டானியம் மிகக் குறைவு. குழம்பாக மேலேறியது என்று சொல்ல எனக்கு அதுவே போதும்.

"கடல்தரையிலயும் அப்பிடி உண்டு மக்கா. பாறையப் பாக்காம கணக்கு மட்டும் பாத்தா இப்பிடித்தான்" என்று, ஞாயிறு ஆராதனை முடிந்து நான் கூப்பிட்டதும் போனில் கத்துவாய். சரி, பாறையைக் காட்டு என்றால், "கொண்டுபோறேன், கொண்டுபோறேன்." அதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது.

போன வாரம் நானே கிளம்பினேன். அம்பூரியில் ஏறாத சரிவில்லை. அட்டைக்கடிதான் மிச்சம். நான்காவது தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த தங்கம்மா, நான் நாய் என்று தொடங்கியதுமே கத்தியைக் கீழே வைத்தார்.

"கல்லு பொறுக்குற சாரா? அவியளக் கடிச்சது எங்க நாயாக்கும். வாங்கம்மா, காட்டுறேன்."

மேட்டில் மழை கழுவிய கறுப்புப் பாறை. சுற்றியிருந்த வெளிர்ப்பாறையின் சில்லுகள், பாகில் விழுந்த கடலை மாதிரி அதற்குள் பதிந்து கிடந்தன. கெட்டியாக வந்த துண்டு பக்கத்துப் பாறையை இப்படி விழுங்குமா? உருகித்தான் வந்திருக்கிறது. நான் சொன்னதுதான். துள்ளியிருக்க வேண்டும். ஆனால் சரியாக அந்தச் சில்லுகளுக்குப் பக்கத்திலேயே உன் சுத்தியல் தடம். நீ பெயின்டில் போட்ட வட்டம். எல்லாம் பார்த்திருக்கிறாய்!

"அடிக்கடி வருவாரா?" என்று கேட்டேன்.

"ஞாயிறு வருவாவ. இதுல இருந்துதான் போன்ல யாருகூடயோ சண்ட போடுவாவ. போன வச்சிட்டு ஒத்தைக்கு இருந்து சிரிப்பாவ. எனக்குப் பேடியாப் போச்சு, பயந்தே போனேன்."

சிரித்தாயா? "நீ சொன்னதுதான் சரி" என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன வலி? சொல்லியிருந்தால் நான் கூப்பிடாமலா இருந்திருப்பேன்? அந்தச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் நான் உன்னை எத்தனை முறை கூப்பிட்டேன் அண்ணா? பாறைமேல் உட்கார்ந்து யோசித்தேன். ஈஸ்டருக்கு ஒருதரம், கிறிஸ்துமஸுக்கு ஒருதரம். சண்டை தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறும் விட்டதில்லை. தங்கம்மா குடிக்கத் தண்ணீர் தந்தார்.

இடத்தைக் குறித்துவிட்டேன். கட்டுரையில் உன் பெயர்தான் முதலில். முடிவு என்னுடையது, அதில் விட்டுத்தர மாட்டேன். ஆனால் உன் கடல்தரைக்கு ஒரு முழுப் பக்கம் உண்டு. நீ கத்திப் பேசிய நியாயம் ஒன்றுவிடாமல், உன் பக்கம் நின்று நானே எழுதுவேன். நானே பதில் சொல்லத் திணறுகிற அளவுக்கு எழுதுவேன்.

உன் ஒரே தங்கச்சி,
எஸ்தர்