பார்க்காமல் தட்டிய பந்து

எப்போதும் எனக்கு முந்திப் போய் நிற்பவளுக்கு,

போன வாரம் சேலத்திலிருந்து ராசிபுரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஊர் வருவதற்கு முன்பே ஜன்னல் வழியாக அந்த வாடை அடித்தது. சேகோ பேக்டரியில் குச்சிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்த பிறகு மிஞ்சுகிற திப்பி, வெயிலில் காய்ந்தபடியே புளிக்கிற வாடை. பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. நீ போய் மூன்று வருஷமாகியும் இந்த இரண்டும் தனித்தனியாக வந்ததே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரே நீ. இரண்டாள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ். உன் நினைவாக நடக்கும் மகளிர் கால்பந்துப் போட்டி, அனைவரும் வருக. நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாய். கீழே விருந்தினர் வரிசையில் தபால்தலை அளவில் ஒரு முகம். உற்றுப் பார்த்தேன், நான்தான். படத்துக்குக் கீழே என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? ‘இவரது ஆருயிர்த் தோழி’. கொல்கத்தா, கோவா, புவனேஸ்வர் என்று பத்து வருஷத்துக்கு மேலாகக் கிளப் கிளப்பாக மிட்ஃபீல்டில் நடுவாட்டம் ஆடி, முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு, திரும்பவும் எழுந்து ஓடியவள் நான். ஊருக்கு நான் யார் என்றால், உன் தோழி.

கோபத்தில் அங்கேயே ஒரு டீ குடித்தேன். அதில் சர்க்கரை அதிகம்.

அந்த சேகோ களத்தை யாராவது கேட்டால் நான் சரியாகச் சொல்லிவிடுவேன். உன் அம்மா அங்கே ஜவ்வரிசி காய வைக்கிற வேலை பார்த்தார். பெரிய சிமெண்டுக் களம். இடப்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பாத்தி கட்டியதுபோல் ஜவ்வரிசி காயும். பாத்திகளுக்கு நடுவே ஆள் நடக்கிற அகலத்துக்கு வழி விட்டிருப்பார்கள். வலப்பக்கம் சுற்றுச்சுவரை ஒட்டி லாரி வந்து திரும்பும் இடம் மட்டும் காலியாகக் கிடக்கும். பள்ளி விட்டதும் நமக்கு அதுதான் மைதானம். ஒரே ஒரு சட்டம்: பந்து ஜவ்வரிசி மேல் விழக்கூடாது.

“ஏஞ்சாமி, பந்து மட்டும் அதும்மேல உழுந்துச்சு, மேனேசரு என்னயத்தான் வெய்வாரு, பாத்துக்கங்க!” என்று உன் அம்மா பலகையால் ஜவ்வரிசியைத் துழாவிக்கொண்டே கத்துவார்.

அதனால் நான் பந்தைத் தூக்கி அடிக்கவே கூடாது. பாத்தி நடுவே இருக்கும் வழியில் தரையோடு தரையாகத் தட்டிவிட வேண்டும். நீ சுவரோரமாக ஓடி, வலப்பக்கத்தில் போய் நின்று, அதை வாங்கி எடைமேடைச் சுவரில் அடிப்பாய். சுவர்தான் கோல். நான் பந்திலிருந்து கண்ணை எடுத்து உன்னைத் தேடினால் உனக்குப் பொறுக்காது.

“பாக்காமக் குடு புள்ள. நா அங்கதா இருப்பேன்.”

நீ அங்கேதான் இருந்தாய். ஒரு நாளும் தவறியதில்லை. அதுதான் எனக்கு முதல் எரிச்சல். கஷ்டமான வேலை என்னுடையது. சுவர் அதிர்கிற சத்தம் உன்னுடையது. லோடு ஏற்றுகிற அண்ணன்மார்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு விசிலடித்தது உனக்கு.

சேலத்தில் நாம் ஆடிய முதல் புல்தரை மேட்ச்சை மறந்திருக்க மாட்டாய். அதுவரை சிமெண்டைத் தவிர நாம் வேறெதிலும் ஆடியதில்லை. களத்தில் லேசாகத் தொட்டாலே பந்து எடைமேடை வரை வழுக்கிக்கொண்டு போகும். அந்தக் கணக்கிலேயே நான் தட்டினேன். பந்து பாதி வழியில் புல்லில் உட்கார்ந்துவிட்டது. நீ முன்னால் ஓடிப்போய், வராத பந்துக்குக் காலை வீசிவிட்டு முழித்தாய். திரும்பத் தட்டினேன். திரும்பவும் உட்கார்ந்தது. எதிரணிப் பிள்ளைகள் நோகாமல் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பயிற்சி கொடுக்கிற சார் கோட்டுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அழுகை முட்டிவிட்டது.

நீ திரும்பி வந்து என் காதருகே சொன்னாய். “இது களமில்ல புள்ள. ஜவ்வரிசியும் இல்ல, மேனேசரும் இல்ல, எங்கம்மாளும் இல்ல. ஆரும் வெய்ய மாட்டாங்க. இழுத்து ஒதை.”

இழுத்து உதைத்தேன். பார்க்கவில்லை. நீ அங்கே இருந்தாய். கோல்.

அதோடு நின்றிருந்தால் நான் சந்தோஷமாகவே வீடு போயிருப்பேன். நீதான் அப்படியே திரும்பி ஓடிவந்தாய், மைதானத்தின் நடுவே குனிந்தாய், இரவல் வாங்கிப் போட்டிருந்த என் பூட்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். “என்ன புள்ள இது, அல்லாரும் பாக்கறாங்க” என்றேன். “பாக்கட்டுமே. பந்து இங்கிருந்துதான வந்துச்சு” என்றாய்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. உன் கோலுக்குத் தட்டியதைவிடப் பலமாகத் தட்டியது. எவ்வளவு பெருந்தன்மை, எவ்வளவு நல்ல மனசு! மறுநாள் பேப்பரில் படம் வந்தது. உன் முகம் தெளிவாக இருந்தது. என்னில் பூட்ஸ் மட்டும்தான் படத்தில் விழுந்திருந்தது. என் அப்பா முட்டை லாரி ஓட்டப் போகிற இடமெல்லாம் அந்தப் பேப்பரைக் காட்டி, “இது எம்புள்ளையோட காலுங்க” என்று சொல்லித் திரிந்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு கோலுக்கும் அதுவே உன் வழக்கமாகிவிட்டது. என் பூட்ஸைத் தொட்டு நீ வாங்கிய கைத்தட்டலை எல்லாம் சேர்த்தால் ஒரு லாரி காணாது.

விளையாட்டு விடுதி, மாநில அணி என்று எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே போனோம். பிறகு பெரிய கிளப் ஒன்று உன்னை மட்டும் கூப்பிட்டது. எனக்கு அடுத்த வருஷம் வேறொரு கிளப், அதுவும் மாற்று ஆட்டக்காரியாக. அப்புறம் தேசிய முகாமுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து, நீ இந்திய ஜெர்சியில் ஓடுவதைப் போனில் பார்த்தேன். நீ கோல் அடித்தாய். அடித்ததும் ஒரு நொடி நின்று திரும்பி யாரையோ தேடினாய். அந்தப் பக்கம் எவளோ ஒரு மணிப்பூர்ப் பெண் நின்றிருந்தாள். அவள் பூட்ஸை நீ தொடவில்லை. நான் போனை அணைத்தேன். அன்று உன் கோலைக் கண்டு எரிந்ததா, அந்தப் பெண்ணைக் கண்டு எரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நடுவாட்டக்காரியின் பிழைப்பு என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்தில் ரொம்ப ஓடுவது நாங்கள்தான், முதலில் மறக்கப்படுவதும் நாங்கள்தான். சீசன் சில மாதம். மீதி மாதமெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிரில் எடுத்துக்கொண்டு, எந்தக் கிளப்பிலிருந்து போன் வரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். போன இடமெல்லாம் எனக்கு ஒரே திட்டு. கோலுக்கு நேரே வந்து நிற்பேன், அடிக்கலாம், அடிக்க மாட்டேன். வலப்பக்கம் தட்டிவிடுவேன். அங்கே புல்தான் இருக்கும். “யாருக்குக் கொடுத்தாய்?” என்று வங்க மொழியில் கேட்டார்கள், ஒடியாவில் கேட்டார்கள், கொங்கணியிலும் கேட்டார்கள். எந்தப் பாஷையில் நான் பதில் சொல்வேன்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். சாதாரணக் காய்ச்சல்தான், ரெண்டு நாளில் எழுந்துவிடுவாய் என்றார்கள். நான் கொல்கத்தாவிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. காரில் வந்தவர்கள், கேமராவோடு வந்தவர்கள், உன்னை ஒரு தடவைகூடப் பார்த்திராமல் அழுதவர்கள். உன்மேல் போர்த்தியிருந்தது இந்திய ஜெர்சி. அந்த நேரத்திலும் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? எனக்கு இப்படி ஒரு கூட்டம் வருமா என்றுதான் போயிற்று. கேடுகெட்ட புத்தி. அதோடு விட்டேனா, ‘இங்கேயும் என்னை முந்திவிட்டாளே’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத்தான் தேற்றினார்கள்.

செத்துப் போனவர்களுக்கு ஆஃப்சைடு இல்லை. அதுதான் உனக்குப் பெரிய வசதி. உனக்கு வயது ஏறாது, முழங்கால் வீங்காது, ஒரு பந்தும் இனிமேல் குறி தப்பாது. “அவ இருந்திருந்தா...” என்றுதான் இங்கே எல்லோரும் பேச்சையே எடுக்கிறார்கள். நான் இருக்கிறேனே! அதை ஒருத்தரும் எடுக்கக் காணோம்.

சரி, இந்த வாரக் கதைக்கு வருகிறேன். விருந்தினராக உட்கார மட்டும் நான் வரவில்லை. கொச்சிக் கிளப் ஒன்றின் பயிற்சியாளர், ஒரு மலையாளத்து அம்மா, உன் போட்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்கு ஒரு நடுவாட்டக்காரி தேவை. ஆனால் கோலும் அடிக்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும். என் முழங்காலையும் வயதையும் யோசித்து, “ஒரு மேட்ச் பார்த்துச் சொல்றேன் மோளே” என்று போனில் சொல்லியிருந்தார். பழைய ஆட்டக்காரிகளுக்கும் கல்லூரிப் பெண்களுக்கும் வைத்திருந்த காட்சி ஆட்டம்தான் எனக்கு இருந்த ஒரே வழி. இது தவறினால் இனிமேல் பள்ளிக்கூட விசில்தான்.

முன்வரிசையில் உன் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வா சாமி. எளச்சுப் போயிட்டயே. காலு தேவலையா?”

“பரவாயில்லீங்மா.”

“பாத்து ஓடு. உழுந்து கிழுந்து போடாத.” அப்புறம் கொஞ்ச நேரம் என் முழங்கால் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இனி உன்ற ஆட்டத்தத்தான் பாக்கோணும் நானு” என்றார்.

உன் அம்மா ‘அவ இருந்திருந்தா’ என்று சொல்லவில்லை. அன்றைக்கு அதைச் சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

முதல் பாதியில் நான் வழக்கம்போல வலப்பக்கம் தட்டி இரண்டு தடவை பந்தை வெளியே அனுப்பினேன். பயிற்சியாளர் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். இரண்டாம் பாதியில் கல்லூரிப் பெண் ஒருத்தி தடுத்த பந்து தெறித்து என் காலில் வந்து விழுந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். கால் தானாக வலப்பக்கம் திரும்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், நீ ஓடிவருகிற சத்தம் எனக்குக் கேட்டது. பார்க்காமல் கொடுப்பதுதானே நம் வழக்கம். அன்றைக்கு நான் பார்த்தேன். அங்கே வெறும் புல்.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அங்கதா இருப்பேன் என்றாயே, எங்கேடி இருக்கிறாய்? அந்த ஆத்திரத்தில் இழுத்து உதைத்தேன். வலை அதிர்ந்தது.

என் கோல். யாரும் வாங்கித் தராதது, யாருக்கும் கொடுக்காதது. கூட்டம் ‘ஓ’ என்று எழுந்தது. எனக்கே எனக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதை நான் முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் மைக்கில் ஒரு மகராசன் கத்தினான். “அடடா! நம்ம புள்ளையே எந்திரிச்சு வந்து அடிச்சாப்ல இருக்குதுங்க!”

பார்த்தாயா?

அந்த எரிச்சலில் குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டேன். முழங்கால் பட்டை நழுவி இறங்கியிருந்தது, அதைச் சரிசெய்யத்தான் குனிந்தேன். ஆனால் கை பூட்ஸ் மேல் போய் நின்றுவிட்டது. அங்கிருந்து எடுக்க வரவில்லை. நான் குனிந்திருந்ததைப் பார்த்ததும் மைதானமே திடீரென்று அமைதியானது. அப்புறம் ஒருவர் தட்டினார், இன்னொருவர் தட்டினார், கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். உன் வழக்கத்தை நான் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் அடித்த கோல், நான் போட்டிருந்த பூட்ஸ், கைத்தட்டல் மட்டும் உனக்கு.

நிமிர்ந்தபோது உன் அம்மா மட்டும் தட்டாமல், கையைக் காட்டி ‘பட்டையை மேலே ஏத்து’ என்று சைகை செய்துகொண்டிருந்தார்.

பயிற்சியாளர் அம்மா பஸ் ஏறுமுன் என்னிடம் வந்தார். “இந்த அடியை இத்தனை நாள் எங்கே வெச்சிருந்தே மோளே?” என்றார். “ஒருத்திகிட்டக் குடுத்து வெச்சிருந்தேன் மேடம்” என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, அடுத்த மாதம் கொச்சிக்கு வரச்சொல்லிவிட்டார். ஒரு சீசன். முழங்கால் ஒத்துழைத்தால் இன்னொன்று.

போகிறேன். அங்கேயும் பந்து வந்ததும் என் கால் முதலில் வலப்பக்கம்தான் திரும்பும், அது இனித் திருந்தப் போவதில்லை. நீ இல்லையென்று தெரிந்தபின் நானே அடித்துக்கொள்கிறேன். கைத்தட்டல் வந்தால் வழக்கம்போல் நீயே எடுத்துக்கொள். வாழ்க்கையில் எனக்கு வந்த பந்தையெல்லாம் உனக்குத்தான் தட்டிவிட்டேன். இந்தப் பொறாமையை மட்டும் தரமாட்டேன். இதுவும் போய்விட்டால், உன்னிடம் சண்டை பிடிக்க எனக்கு வேறு என்ன இருக்கிறது?