துரையும் அழைப்புமணியும்

மார்ச் 3
மேல்வீட்டுக்காரி மறுபடியும் ஓனரிடம் போயிருக்கிறாள். ராத்திரி வேலையாம், பகலில் துரை குரைத்துக் குரைத்துத் தூங்கவிடுவதில்லையாம். ஓனர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்: "மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன்மா. அதுக்குள்ள நாய் குரைக்கறது நிக்கலைன்னா, வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க." அவர் பேசி முடிக்கும்வரை துரை குரைத்துக்கொண்டே இருந்தான். நேரம் காலம் தெரியாத ஜென்மம்.

போன வருஷம் நான் இரண்டு கையிலும் பையோடு ஓடிவருவதைப் பார்த்தும் லிஃப்டை மூடிக்கொண்டு போனவள்தானே இவள்? பச்சைச் செருப்பு. மறப்பேனா?

மார்ச் 4
மகள் கிளிக்கர் வாங்கி வந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி, அமுக்கினால் 'டிக்'. நாய் நல்லது செய்கிற அந்த நொடியே டிக், உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. அவ்வளவுதான் பாடம். "பகல்ல நீதான் வீட்ல இருக்க. உன்னால முடியுமாம்மா?" என்றாள். உன்னையே வளர்த்தவள்டி நான்.

மார்ச் 7
உட்காருகிறான். படுக்கிறான். பழைய துண்டை இழுத்து விளையாடும்போது "விடு" என்றால் விடுகிறான். டிக், கோழி, மறுபடி இழுவை. என் தோள்தான் கழன்றுவிடும் போல.

மார்ச் 11
அழைப்புமணிப் பாடம். அவன் குரைப்பான், நான் காத்திருப்பேன், வாயை மூடியதும் டிக். சட்டென்று பிடித்துக்கொண்டான். மகளிடம் பெருமையடித்தேன்.

மார்ச் 16
என்ன இது? மணியே அடிக்கவில்லை. சும்மா கதவு முன்னால் போய் நின்று குரைக்கிறான், உடனே நிறுத்தி என் கையைப் பார்க்கிறான். நாள் முழுக்க இதே கூத்து. மேலே அவள் தரையைத் தட்டுகிறாள்.

மார்ச் 17
பாத்திரம் துலக்கும்போது உறைத்தது. நிறுத்தினால் கோழி. நிறுத்த வேண்டுமென்றால் முதலில் குரைக்க வேண்டுமே! குரைக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் — கோழியும் கொடுத்து!

மகள் சிரிக்கிறாள். "அவன்தாம்மா உன்னை நல்லா பழக்கி வச்சிருக்கான்." சிரிடி, சிரி. இதுவும் எனக்கு ஞாபகம் இருக்கும்.

மார்ச் 18
மணி கேட்டதும் முதலில் காது நிமிரும், அப்புறம்தான் வாய் திறக்கும். நடுவில் ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. அங்கே விழ வேண்டும் டிக். மகள் வெளியே நின்று மணி அடித்தாள். குரைத்துவிட்டானா, டிக்கும் இல்லை, கோழியும் இல்லை; நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அது எனக்குப் பழகின வேலைதான்.

மார்ச் 20
முன்னைவிட அதிகமாகக் குரைக்கிறான். கத்து ராஜா. நானா நீயா பார்த்துவிடலாம்.

மார்ச் 25
மணி அடித்தது. துரை கதவுப் பக்கமே போகவில்லை. ஓடிவந்து என் முன்னால் உட்கார்ந்தான். அவசரத்தில் இரண்டு தடவை டிக். இரண்டு துண்டும் கொடுத்தேன். தவறினது என் விரல்தானே, அவன் இல்லையே.

மார்ச் 31
காலையில் மணி. மேல்வீட்டுக்காரி, வேலை முடிந்து வந்த முகத்தோடு.

"பாட்டி, சத்தமே இல்லையே... நாயைக் கொடுத்துட்டீங்களா? அந்த அளவுக்குப் போகும்னு நான் நினைக்கலை." குரல் இறங்கிப்போயிருந்தது.

கதவை அகலத் திறந்தேன். துரை என் காலடியில் உட்கார்ந்து, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். டிக். கோழி.

"ஐயோ, இங்கேயேதான் இருக்கானா!" குனிந்தாள். "நான் ஒண்ணு கொடுக்கலாமா?"

யோசித்தேன். ஒரு துண்டு கோழியை அவள் கையில் வைத்தேன்.

டிக் பெட்டியைக் கொடுக்கவில்லை.