வலது ஓரத்தில் ஐந்து துளைகள்

நேற்றுத் தபாலில் ஓர் அழைப்பு அட்டை வந்தது. நாம் இருவரும் வேலை பார்த்த அதே அருங்காட்சியகம்தான். பழைய ஜப்பானியக் கதைப் பத்திரிகைப் படங்களை மறுபடியும் காட்சிக்கு வைக்கிறார்களாம். அட்டையில், பனியில் குடை பிடித்தபடி திரும்பிப் பார்க்கும் அந்தப் பெண். நீ அவளுக்குச் சந்தேகக்காரி என்று பெயர் வைத்திருந்தாய். புருஷன் பின்னால் வருகிறானா என்று பார்க்கிறாளாம். அட்டையைத் தொட்டதும் எனக்குக் கோதுமைமாப் பசை மணத்தது. நீ போய் மூன்று வருடமாகிறது. என் கோபம் இன்னும் போகவில்லை.

எழுபதுகளில் அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசியவர்கள் நாம் இரண்டு பேர்தான். நான் யாழ்ப்பாணத்து அச்சகக்காரரின் மகள். புத்தகம் தைக்கத் தெரியும் என்பதால் பழுது பார்க்கும் மேசையில் உட்கார்த்தினார்கள். நீ மதராஸ்காரி. படங்களுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது உன் வேலை. குடியிருந்ததும் ஹோம்புஷில் ஒரே கட்டடத்தில், நான் மேல்மாடி, நீ கீழ்மாடி. ஆம் என்பதற்கு நான் "ஓம்" என்றால் நீ "ஸ்வாஹா" என்று முடித்து வைப்பாய். தினமும் அதே பகிடி, தினமும் சிரித்தோம்.

மெல்பர்ன் முதியவர் ஒருவர் பன்னிரண்டு பத்திரிகைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற காலத்தில் டோக்கியோவில் சாதாரண ஜனங்கள் வாங்கிப் படித்தவை. ஒவ்வொன்றின் முகப்பிலும் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த ஒரு வண்ணப்படம் மடித்து வைத்திருக்கும். படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, இவள் ஏன் இப்படி நிற்கிறாள் என்று கதைக்குள் போக வேண்டும். அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. படத்தைக் கதையிலிருந்து பிரிக்கக்கூடாது.

தாள்கள் தனித்தனியாக உதிர்ந்திருந்தன. பழைய தையல் இருந்த ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது. ஜப்பானியப் புத்தகத்துக்கு முதுகு வலது பக்கம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, கை பழகிய வழியில்தான் போயிற்று. முதல் பத்திரிகைக்கு நம்மூர்ப் புத்தகம் போல இடது ஓரத்தில் தாள் ஒட்டித் தைத்து முடித்துவிட்டேன். நீதான் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாய்.

"ஏய், கல்யாணத்துல ஆரம்பிச்சு பொண்ணு பாக்கறதுல முடியுது உன் கதை."

நான் அதைக் கையால் பொத்தினேன். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"நான் சொல்வேனா? நீ பிரி. டீ நேரம் முடியற வரைக்கும் நான் வாசல்ல நிக்கறேன்."

நின்றாய். அதை நான் மறக்கவில்லை. அன்றே அதைப் பிரித்து வலது பக்கம் தைத்தேன். மற்றப் பதினொன்றையும் முதலிலிருந்தே சரியாகத் தைத்தேன். ஜப்பானியர்கள் நான்கு துளை போடுவார்கள். நான் கீழ் மூலையில் இன்னொன்றும் சேர்த்துப் போட்டேன். அது என்ன அஞ்சாவது என்று கேட்டாய். "பக்கம் திருப்பேக்கை பெருவிரல் இழுக்கிற இடம். எங்கட அப்பா அப்பிடித்தான் போடுறவர்" என்றேன். "நீ தைச்சதை நான் தொடவே மாட்டேன்" என்று அன்றைக்கு நீயாகத்தான் சொன்னாய். நான் கேட்கவில்லை.

திறப்பு நாளன்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தேன். சுவர் முழுக்கப் பன்னிரண்டு சட்டங்கள். தையல் நூலை அறுத்துப் படங்களை மட்டும் எடுத்திருந்தாய். நான் ஒட்டிய ஓரம் சட்ட அட்டைக்கு அடியில் மறைந்துவிட்டது. கதைகள் ஏதோ ஒரு பெட்டிக்குள்.

முதியவர் தன் பத்திரிகைகள் எங்கே என்று பொறுப்பாளரிடம் கேட்டார். பொறுப்பாளர் உன்னைப் பார்த்தார். எல்லாம் இடது பக்கத்தில் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தன, பிரிக்காமல் வேறு வழியில்லை என்று நீ சொன்னாய். என் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னாய். தலைகீழாகத் தைத்தாயா என்று பொறுப்பாளர் என்னிடம் கேட்டார். ஆம், முதலாவது மட்டும் என்று தொடங்கினேன். ஆம் என்றதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. முதியவர் என் விரல்களைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.

சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது நீ வாயைத் திறப்பாய், இப்போது திறப்பாய் என்று உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை புளியோதரையோடு கதவைத் தட்டினாய்.

"எனக்கு இங்க தங்கறதுக்கு இன்னும் பேப்பர் வரல. வேலை போச்சுன்னா ஊருக்குத்தான் போகணும். உனக்கு வேலை போகாதுன்னு தெரியும்."

"தொடமாட்டன் எண்டு சொன்னனீதானே?"

"சொன்னேன். சுவர் காலியா இருக்குன்னு மேல இருந்து நெருக்கினாங்க."

கதவைச் சாத்தினேன். வேலை போகவில்லை, உண்மைதான். ஊசியும் பசைக் கிண்ணமும்தான் போயின. மறுவாரமே என்னை அட்டவணைச் சீட்டு எழுதும் மேசைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே ஒரு புத்தகத்தைக்கூட என்னிடம் தைக்கத் தரவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று ஊரில் சொல்வார்கள். நீ என் தவறைக் காத்து வைத்திருந்தது எனக்காக என்று நினைத்திருந்தேன். பிறகு உனக்குப் பேப்பர் வந்தது, ஸ்ட்ராத்ஃபீல்டுக்குக் குடிபோனாய். ரயில் நிலையத்தில் கண்டால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். உன் இறுதிச் சடங்குக்கு வந்தேன். கடைசி வரிசையில் இருந்துவிட்டு, யாரோடும் பேசாமல் திரும்பினேன்.

இன்று போய்ப் பார்த்தேன். இப்போதெல்லாம் ஓரத்தை மறைப்பதில்லை. தாளை முழுசாகக் கண்ணாடிக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். சந்தேகக்காரியின் வலது ஓரத்தில் நான் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. இடது ஓரத்தில் ஒரு துளையும் இல்லை. வலதில் நான்கு, கீழ் மூலையில் ஒன்று. பக்கத்தில் சின்ன எழுத்தில், தைத்தவர் பெயர் தெரியவில்லை என்று போட்டிருந்தார்கள்.

கண்ணாடியில் மூக்கு முட்ட, இரண்டு தரம் எண்ணினேன். ஐந்துதான். அந்த ஐந்தாவது யாருடையது என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். "பாத்தியே" என்று சொல்லத் திரும்பினேன். நீ நிற்பாய் என்றுதான் திரும்பினேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. சொல்வதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.