தாளின் பின்பக்கம்

மார்ச் 3

எண்பத்தாறு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. போன வருஷம் இதே நாற்காலிக்கு நூற்றிரண்டு பேர் போட்டிருந்தார்களாம், நானும் அதில் ஒருவன். இந்த வருஷம் ஏன் குறைந்தது என்று நீதிபதி மேடம் கேட்டார். ஒரு வருஷ வேலை, அதற்கப்புறம் நடுத்தெரு என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியல மேடம்" என்றேன்.

இந்த அறையில் ஒரு வழக்கம். போகிற சட்ட உதவியாளர்தான் வருகிறவர்களைச் சலித்துக் கொடுக்க வேண்டும். பெயர் உள்ள பக்கத்தை மடித்துக் கிளிப் போட்டு, மேலே ஒரு எண் எழுதிவிடுவேன். எண்பத்தாறை ஆறாக்கித் தர வேண்டும். மேடம் அந்த ஆறைத்தான் படிப்பார். மீதி எண்பது என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதே இல்லை.

என் நாற்காலி ஜூன் 30 வரைக்கும். இதுவரை பதினான்கு இடங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பதினொன்றிலிருந்து மூச்சே இல்லை. இரண்டு பேர் என் விவரங்களைக் கோப்பில் பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள், இருக்கட்டும். உயிரோடு இருப்பது ஒன்றுதான்: அந்தப் பெரிய வக்கீல் நிறுவனம். இரண்டு நேர்காணலும் முடிந்துவிட்டது. மேடத்தின் பரிந்துரைக் கடிதம் மார்ச் 31-க்குள் போய்ச் சேர்ந்தால் போதும். எழுதித் தருகிறேன் என்று மேடம் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

மார்ச் 6

"சிறுவயது முதலே நீதியின்பால் எனக்குத் தீராத ஆர்வம்" — ஐம்பத்து மூன்று பேர். உட்கார்ந்து எண்ணினேன். சிறுவயதில் எனக்கு இருந்த தீராத ஆர்வம், லிஃப்டில் எல்லாப் பொத்தான்களையும் ஒன்றாக அமுக்குவது. இருந்தாலும் போன வருஷம் நானும் இதே வரியைத்தான் எழுதினேன்.

எண் 29 பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிச் சான்றிதழை இணைத்திருக்கிறார். எண் 64 வேறொரு நீதிபதிக்கு எழுதியதை அப்படியே இங்கேயும் அனுப்பியிருக்கிறார், விளிப்பைக்கூட மாற்றவில்லை. சிரிப்பு வந்தது. பிறகு என் பதினான்கையும் எடுத்து ஒரு தடவை சரிபார்த்தேன்.

மார்ச் 11

எண் 41. வயது முப்பத்தெட்டு. மாலைக் கல்லூரி. பகலில் வேலை இதே நீதிமன்றத்தில், கீழ்த்தளத்து நகல் பிரிவில். வழக்கமாக இரண்டு நிமிஷத்தில் இடது பக்கம், வேண்டாதவற்றின் அடுக்குக்கு, போகிற விண்ணப்பம்.

எல்லோரும் ஆறு பக்கம் எழுத்து மாதிரி வைக்க வேண்டும், ஏதாவது ஒரு சட்டப் பிரச்சினையைப் பற்றி. இவர் ஒரு வழக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். வழக்கு எண்ணைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பிப்ரவரி 3 தீர்ப்பு. வெளியே சொல்லக்கூடாது, இங்கே எழுதலாம்: அதன் வரைவு என்னுடையது. நான் எழுதுவேன், மேடம் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போடுவார். எல்லாத் தீர்ப்பும் அப்படித்தான்.

வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு கிடங்குக் காவலாளியின் மேல்முறையீடு. கீழ்க் கோர்ட் உத்தரவு செப்டம்பர் 2. முப்பது நாளுக்குள் வர வேண்டியவர் அக்டோபர் 6-ல் வந்தார், நான்கு நாள் தாமதம். அதனால் வழக்குக்குள்ளேயே போகாமல் தள்ளுபடி. 'தாமதத்துக்கு மேல்முறையீட்டாளர் எவ்வித விளக்கமும் அளிக்கவில்லை' — இந்த வரியை எழுதியபோது நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

உத்தரவின் நகலைத் தயார் செய்ய நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் நாட்களைக் கழிக்க வேண்டும். முதலாமாண்டுப் பாடம். நகல் எப்போது கேட்டார், எப்போது கிடைத்தது என்ற முத்திரையை ஸ்கிரீனில் ஃபைலைத் திறந்து தேடினேன், இல்லை, அதனால் கழிக்கவில்லை. எண் 41 எழுதுகிறார்: கீழ்க் கோர்ட் உத்தரவுகளுக்கும் நகல் கொடுப்பது இந்தக் கட்டடத்து நகல் பிரிவுதான், அந்த முத்திரையைக் கடைசித் தாளின் பின்பக்கத்தில் போடுவது அதன் வழக்கம். ஸ்கேன் செய்கிறவர்கள் முன்பக்கத்தை மட்டுமே எடுக்கிறார்கள். மூலத்தில் முத்திரை இருக்கிறது.

ஒரு இடத்திலும் குறை சொல்லவில்லை. தேதிகளை வரிசையாக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

மார்ச் 12

ஆவண அறைக்கு இறங்கிப் போய் மூலத்தை வாங்கினேன். கடைசித் தாளைத் திருப்பினேன்.

ஊதா முத்திரை. கேட்டது செப். 4, கொடுத்தது செப். 15. பதினோரு நாள். கழித்தால் அந்த ஆள் வந்தது இருபத்து மூன்றாவது நாள். ஒரு வாரம் முன்னாடியே வந்திருக்கிறார்.

என்னடா பண்ணி வெச்சிருக்க. ஒரு தாளைத் திருப்பிப் பார்க்க உனக்கு என்ன கேடு? பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன். வக்கீல்கூட இல்லாம தானே வந்து நின்னான்.

மார்ச் 13

எண் 41-ஐ இடது பக்கம் வைத்துவிட்டேன்.

காரணம் கேட்டால் மூன்று இருக்கிறது: மாலைக் கல்லூரி, வயது, மதிப்பெண். யாரும் கேட்கப் போவதில்லை. பொய் எழுத இந்த நோட்டை வாங்கவில்லை என்பதால் நான்காவதையும் எழுதிவிடுகிறேன். முதலில் கடிதம் என் கைக்கு வரட்டும் என்பதுதான் அது.

தீர்ப்பில் இப்படிப்பட்ட பிழை இருந்தால் நீதிபதியே அறுபது நாளுக்குள் திரும்ப எடுக்கலாம். ஏப்ரல் 4 வரை. மூன்று தடவை எண்ணினேன். அது சனிக்கிழமை, ஆகவே வெள்ளி, ஏப்ரல் 3. கடிதம் 31-ஆம் தேதி போய்விடும். அதற்கப்புறம் சொன்னாலும் மூன்று நாள் மிச்சம். யாருக்கும் நஷ்டமில்லை. திட்டம் கச்சிதமாக இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

மத்தியானம் அக்கா வீடு. மாமா லிஃப்ட் மெக்கானிக், உலகத்தையே லிஃப்டாகத்தான் பார்ப்பார். "ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுதறே, உனக்கு ஒரு வேலைக்கு உத்தரவு போட்டுக்க முடியலையே மாப்ள" என்றார். அக்கா சிரிக்கவில்லை. அந்த நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தாகிவிட்டது என்று எதிர் வீட்டில் சொல்லிவிட்டாளாம்.

"இன்னும் கிடைக்கலக்கா."

"கிடைக்கப் போகுதில்ல? ரெண்டு நாள் முன்னாடி சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?"

மார்ச் 18

கால் தானாக நகல் பிரிவுக்குப் போனது. போயிருக்கக் கூடாது.

கவுன்டருக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர், எண் 41 அவர்தான், தாளைத் திருப்புவதும் முத்திரை குத்துவதுமாக இருந்தார். நான் எந்த அறை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் என்னை சார் என்றார், நான் அவரை சார் என்றேன்.

"முத்திரை இருக்குன்னு அந்தக் காவலாளிகிட்டயே சொல்லியிருக்கலாமே சார்" என்றேன்.

"கட்சிக்காரங்ககிட்ட கேஸைப் பத்தி வாயைத் திறந்தா சஸ்பெண்டு சார். மேல எழுதிப் போட்டா எங்க மேலாளர் மேசையத் தாண்டாது. மேடம் மேசை வரைக்கும் போற மாதிரி நான் எழுதக்கூடிய ஒரே பேப்பர் இந்த அப்ளிகேஷன்தான்."

"அப்ப வேலைக்காகப் போடலையா?"

"ஐயோ, வேலையும் வேணும் சார்!" என்று பதறினார். பிறகு, "மேடம் படிச்சாங்களா?"

"இன்னும் இல்ல. சலிக்கிறது நான்."

"ஓ." இரண்டு தாளுக்கு முத்திரை குத்தினார். "ஆறுக்குள்ள வரலேன்னா பரவால்ல சார். அந்த எழுத்து மாதிரிய மட்டும் உருவி உள்ள வெச்சிருங்க."

வரைவு என்னுடையது என்று அவருக்குத் தெரியுமா? இந்தக் கட்டடத்தில் எது யாருக்குத் தெரியாது.

மார்ச் 19

இன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. அதையே காலையிலிருந்து சாயங்காலம் வரை செய்தேன்.

மார்ச் 20

கடிதத்தைப் பற்றி மெல்ல ஞாபகப்படுத்தினேன். "திங்கட்கிழமை எழுதிடலாம். உங்க ஆறு பேரையும் அன்னைக்கே குடுத்துடுங்க" என்றார் மேடம்.

பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். விசாரணை அன்று காவலாளி சொன்னதாக நான் எழுதியது: 'நேரத்துக்குத்தான் குடுத்தேன்மா.' கீழே மறுபடி அதே. மொத்தம் நான்கு தடவை. கோர்ட்டில் யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வது என் பழக்கம். நான்கு தடவையும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். அப்புறம் தீர்ப்பில், எவ்வித விளக்கமும் அளிக்கவில்லை.

மார்ச் 23

கொடுத்துவிட்டேன்.

மேடத்தின் மேசையில் அவர் பெயர் அச்சிட்ட கடிதத் தாள் எடுத்து வைத்திருந்தது. என் பெயரில் ஆரம்பித்து ஒரு பத்தி ஓடியிருந்தது. தலைகீழாகப் படிக்க எனக்கு நன்றாக வரும். 'நான் கண்ட உதவியாளர்களிலேயே' என்பது வரை தெரிந்தது.

"ஆறுதானே கேட்டேன்? ஏழு இருக்கு."

"மேல இருக்கறத முதல்ல படிங்க மேடம். பிப்ரவரி மூணு தீர்ப்பு. நாள் எண்ணினது நான். தப்பா எண்ணிட்டேன்."

ஆறு பக்கத்தையும் படித்தார். உட்காரச் சொல்லவில்லை.

"மூலத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"என்னைக்கு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நீதிபதி என்றால் சும்மாவா. "பன்னிரண்டாம் தேதி."

"பதினோரு நாள்" என்றார். அந்தப் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

நகலுக்கு ஆனதும் பதினோரு நாள். அதைக் கழிப்பார்கள். என்னுடையதைக் கழிக்க விதி எதுவும் இல்லை.

வீரம் என்று நாளைக்கு நானே கதை கட்டக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்: பயமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

மார்ச் 27

மேடம் தானாகவே தீர்ப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஒன்றரைப் பக்கம், அவரே எழுதியது. 'பிழை இந்த நீதிமன்றத்துடையது.' என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஜூலையில் மறு விசாரணை. இனி தாள்களை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் போனது.

என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறார்.

மார்ச் 31

கடிதம் வந்தது. மூன்று வரி. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்னிடம் பணிபுரிகிறார். கொடுத்த பணிகளை முடிப்பார். நேரம் தவறாதவர்.

பொய் ஒன்றும் இல்லை. அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 17

நிறுவனம்: வருந்துகிறார்களாம். கோப்பிலும் வைத்துக்கொள்ளவில்லை.

கோபம் வந்தது. யார்மேல் என்று தேடிப் பார்த்தேன், உருப்படியாக ஆள் சிக்கவில்லை. அக்காவுக்கு ஃபோன் செய்தேன். "எதிர் வீட்ல இப்ப நான் என்னத்தச் சொல்றது?" என்றாள். பின்னாலிருந்து மாமா, "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குதுன்னு சொல்லு." அதற்கு மட்டும் சிரித்தேன்.

ஏப்ரல் 24

ஏழு பேருக்கும் நேர்காணல் முடிந்தது. எண் 12-ஐ எடுத்திருக்கிறார்கள், பெரிய கல்லூரியின் முதல் மாணவி. கெட்டிக்காரிதான், குறை சொல்ல முடியாது.

எண் 41 நன்றாகப் பேசினார் என்று மேடமே சொன்னார். "ஆனா அவரைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும்." இதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். என்னைப் பார்த்தாலும் அதுதான் ஞாபகம் வரும் போல.

நகல் பிரிவுக்குப் போய்ச் சொன்னேன். "பரவால்ல சார்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒரு மாசமா சட்டை ரெண்டு தைச்சு வெச்சிருந்தேன்" என்றார். முத்திரையை இப்போது முன்பக்கத்தில் குத்துகிறார்.

ஜூன் 30

சாவி, அடையாள அட்டை, குறிப்பேடுகள் ஒப்படைத்தாகிவிட்டது. புதுப் பெண் ஏதாவது சொல்லித் தாருங்கள் என்றாள். "ஃபைல் ஸ்கிரீன்ல பார்க்காதீங்க, மூலத்தை வரவழைங்க" என்றேன். தலையாட்டினாள். நானும் போன வருஷம் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

நான் அனுப்பிய வேலை விண்ணப்பங்கள் இதுவரை இருபத்தாறு.

ஜூலை 9

அந்த மேல்முறையீடு இன்றைக்குப் பட்டியலில் இருந்தது. வேறு வேலை இல்லை, போனேன். பின் வரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்தக் காவலாளிதான். என்னைத் தெரியவில்லை. நான் மேடைக்குக் கீழே குனிந்து எழுதிக்கொண்டிருந்தவன், யார் பார்த்திருப்பார்கள்.

"வக்கீலுங்களா?" என்று கேட்டார்.

"படிச்சிருக்கேன்."

"இன்னைக்கே முடிஞ்சிடுமா?"

"எடுத்துப்பாங்க. முடிய நாளாகும்."

பிளாஸ்டிக் உறையிலிருந்து கீழ்க் கோர்ட் உத்தரவின் இன்னொரு நகலை எடுத்து, கடைசித் தாளைத் திருப்பி, ஊதா முத்திரையைக் காட்டினார். "மொதல்ல நாலு நாள் லேட்டுன்னு தள்ளிட்டாங்க. நான் நேரத்துக்குத்தான் குடுத்தேன். யாரோ உள்ள தப்பா எண்ணிட்டாங்களாம்."

ஐந்தாவது தடவை.

"நான்தான் எண்ணினேன்" என்றேன்.

என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று இருந்தேன். தாளை மெதுவாக உறைக்குள் திரும்ப வைத்தார்.

"இப்ப இங்க இல்லையா?"

"இல்லைங்க. போன மாசத்தோட முடிஞ்சுது."

"வேற எங்க வேலை?"

"தேடிக்கிட்டிருக்கேன்."

"நானும்தான்" என்றார்.

அவர் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். உறையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.