அடைத்த தெற்கு ஜன்னல்

12.5.71, மேனாம்பேடு
காலை ஏழுக்கே வெயில். கிணற்றுக் கயிறு மாற்ற வேண்டும்.
பக்கத்து வீட்டுத் தாவீது மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டான். மூன்று பூச்சு. கண் கூசுகிறது. தொழிற்சாலையில் என்னிடம் ஹெல்ப்பராக இருந்தவன்.
"சூடு கீழ எறங்காது அண்ணாத்தே. நீயும் அடிச்சுடு." நான் கேட்டேனா?
வெள்ளை மாடி வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று பழைய புத்தகக்கடையில் நின்றே படித்தவன் நான். செய்தவன் அவன்.

13.5
மரகதத்துக்கு மறுபடி இழுப்பு. சாப்பிட்டதும் தாவீது வீட்டுக்குப் போனவள் ஐந்து மணிக்குத்தான் வந்தாள்.
"அங்க குந்தினா மூச்சு தானா வருது. இங்க வந்தா அடைச்சிக்குது."
என் மனைவி. அவன் கூடம்.

14.5
மரகதத்திடம் காய்கறிக் கூடைக்குள் வெப்பமானியை ஒளித்துக் கொடுத்தனுப்பினேன். திட்டிக்கொண்டே போனாள்.
மூன்று மணிக்கு:
நம் கூடம் 98 டிகிரி (ஃபாரன்ஹீட்)
அவன் கூடம் 92
கருவி பழுது. வாளித் தண்ணீரில் முக்கி, இரவல் வாங்கிய இன்னொன்றோடு ஒப்பிட்டேன்.
கருவி சரி.

15.5
புழுக்கம். இலைகூட அசையவில்லை.
போன வருஷம் அவன் வீடு எழும்பியபோது தெற்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன். சாப்பிட உட்கார்ந்தால் அவன் வீடுதான் கண்ணில் பட்டது. தூசி வருகிறது என்று மரகதத்திடம் சொன்னேன். கடற்காற்று வருவதும் அந்தப் பக்கம்தான். தெரிந்தே அடைத்தேன்.
இன்று அவள் கட்டிலை நகர்த்தினேன். அடைத்த இடத்துக்குக் கீழே சுவர் முழுக்கப் பூசணம். வெளியே அதன் அடியில்தான் குளியல் தண்ணீர் ஓடும் சாக்கடை. ஈரம் காய வழியில்லை. அவள் தலை வைக்கும் இடத்துக்கு ஒரு முழம்.
துணியால் துடைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

16.5
மரகதம் பையில் புடவை அடுக்குகிறாள்.
"கரையான்சாவடில தம்பி ஊட்டுக்குப் போறேன். மழ வந்தப்புறம் பாக்கலாம்."
"இங்கே என்ன குறை?"
"மூச்சு வுடணும். அவ்ளோதான்."
நாளை மாலை பஸ்.

17.5
காலையிலிருந்து உளி, சுத்தியல். நானே வைத்த கலவை, கெட்டி. கட்டைவிரலில் ஒரு அடி.
சுற்றுச்சுவருக்கு மேல் தாவீதின் தலை. "இன்னா அண்ணாத்தே, தூசி வராதா?"
அவனிடமும் சொல்லியிருக்கிறாள்.
"மேஸ்திரிய அனுப்பவா?"
"வேண்டாம்."
"கைல ரத்தம் வருதே!"
"என் கை."
மூன்றரைக்குக் காற்று வந்தது. தெற்கில் நுழைந்து வடக்குச் சுவரின் மேல்துளை வழியாகப் போனது. ஊதுபத்திப் புகை வைத்துப் பார்த்தேன். கூடவே அவன் வீட்டு மீன் குழம்பு வாசனை. அவன் வீடும் அப்படியே தெரிகிறது.
மரகதம் பையோடு வந்து ஜன்னலடியில் உட்கார்ந்தாள். ஐந்து மணி பஸ் போனது.
"அவுரு ஊடு மாதிரியே கீது."
உளியைத் துடைத்து வைத்தேன்.
நாளை மாடிக்குச் சுண்ணாம்பு. நான்கு பூச்சு.