கடுகு அரைத்த மீன்

பழுகாமம்,
ஆவணி மாதம், இரண்டாம் வெள்ளி.

அன்பு மகள் யசோதினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் மகள் விதுர்ஷாவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டால், "ஓம் அம்மா, எனக்கென்ன" என்றுதான் சொல்லுவாய். ஆறு வருடமாக அதைத்தான் சொல்லுகிறாய். அதனால் இந்த முறை கேட்கவில்லை.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் விதுர்ஷா பக்கத்தில் நிற்கிறாள். அவள் இல்லாத நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சோடிக் காது நிற்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்து விதானையாரே மெச்சியிருக்கிறார், உனக்கும் தெரியும். மருதமுனையிலிருந்து சாறி மூட்டை கொண்டுவரும் ஸஹீதாவின் புருஷன் றுஸ்தி, லீவு முடிந்து புதன்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறான். இதையும் பார்சலையும் உன் கையில்தான் தருவேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறான். சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன். ஒட்டுப் பிரிந்திருந்தால் எனக்குச் சொல்.

விதுர்ஷா போன தவணைப் பரீட்சையில் வகுப்பில் நான்காம் பிள்ளை. நீ விட்டுப்போன பச்சைச் சட்டை இப்போது அவளுக்கு அளவு. தோளில் மட்டும் கொஞ்சம் தொய்கிறது. வட்டையில் சிறுபோக நெல் வெட்டு முடிந்துவிட்டது. எல்லாம் மெசின்தான். ஆற்றில் தண்ணீர் வற்றிக் கிடக்கிறது, மணலை மீன் மட்டும் நன்றாகப் படுகிறது.

நீ போனில் சொல்லி அனுப்பும் சாப்பாடுகளை எல்லாம் அவள் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். வெள்ளி மரக்கறி என்பதால், சனிக்கிழமையில் ஒன்று ஆக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறாள். அம்மா அங்கே வேலை வீட்டில் ஆக்குவதை நாங்களும் அன்றைக்குத் தின்ன வேண்டுமாம். மக்கரோனி ஆக்கினேன். தக்காளியோடு கொஞ்சம் கறிவேப்பிலையும் போட்டேன், நீ சொல்லாததுதான், அதனால்தான் நன்றாக வந்தது. அரபிக்காரரின் பருப்பு சூப்பும் வைத்தேன். பருப்பை அரைத்துத் தேசிக்காய் பிழிந்து குடிக்கிற மனிதர்களை நினைத்துப் பாவமாக இருந்தது. மச்பூஸ் சோற்றுக்குக் காய்ந்த தேசிக்காய் போட வேண்டும் என்றாய். நம்மிடம் காய்ந்த தேசிக்காய் என்றால் ஊறுகாய்ப் போத்தலில் உப்போடு கிடப்பதுதானே. மூன்றைப் போட்டேன். "ஆத்து உப்புத் தண்ணியிலயா அம்மம்மா சோறாக்கின நீங்க?" என்று உன் மகள் கேட்டாள். கேட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையை வழித்துத் தின்றாள். "அம்மா சொன்ன சோறு, கொட்டக் கூடாது" என்றாள். அன்றைக்கு நான் குசினிக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

மார்கழி மாதம் நீ போனில் பதிந்து அனுப்பிய குரலில் மீன் கறி ஒன்று சொன்னாய். கடுகை ஊறவைத்து அரைக்க வேண்டும், மஞ்சள், பச்சை மிளகாய், எண்ணெய், அவ்வளவுதான், தேங்காய்ப்பால் வேண்டாம் என்றாய். ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளை பால் இல்லாத மீன் கறி சொல்லுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. நமக்குக் கடுகு தாளிக்கத்தான். அரைத்தால் வீக்கத்துக்குப் பத்துப் போடுவோம். நீ "அரை மணித்தியாலம் ஊறவையுங்க" என்று சொன்னதும் பின்னால் ஒரு ஆண் குரல் ஏதோ திருத்தியது. நீ சிரித்தாய். "சரி சரி, ஒரு மணித்தியாலமாம்" என்றாய்.

மருமகன் உதயரூபன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்து எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில் நீ சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். குரலைத் திரும்பப் போடுவது எப்படி என்று விதுர்ஷாவிடம் படித்துக்கொண்டேன். பக்குவம் மறந்துபோச்சு என்று சொல்லிச் சொல்லிப் போட்டுக் கேட்பேன். ஒரு நாள் அவள், "ஒரு மீன் கறியப் படிக்க உங்களுக்கு எத்தின மாசம் அம்மம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

முதல் தரம் ஆக்கியபோது கைத்தது. கடுகை மை போல அரைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஸஹீதா மூட்டையோடு வந்தாள். மணத்தைப் பிடித்ததும், "என்ன ஆச்சி, பங்களாதேஸ்காரன்ட கறி உங்கட ஊட்டுக்கு எப்பிடி வந்த? எங்கட மனிசன்ட றூமில அவங்கதான் இப்பிடி ஆக்குறாம்" என்றாள். கடுகோடு உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைத்தால் கைக்காதாம். நான் கடைக்காரன் சொன்னது என்று ஒரு பொய் சொல்லி அனுப்பினேன். அரபிக்கார வீட்டில் யாரும் அந்தக் கறி கேட்கமாட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்கே விளங்கியது. நான் படிக்காதவள்தான், ஆனால் ஒரு சட்டியைப் பார்த்தால் அது யாருக்காக வைத்தது என்று சொல்லுவேன்.

சித்திரைக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. பங்குனியிலிருந்து முகம் காட்டிக் கதைப்பதில்லை, கமரா பழுது என்றாய். முன்பெல்லாம் நீ கதைக்கும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் கத்துவது கேட்கும், இப்போது ஒரு பேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. மேடம் வீடு மாறிவிட்டார் என்று புது விலாசம் தந்தாய். அதைப் பார்த்த றுஸ்தி, "இது வேலைக்காரர் றூம் எடுத்து இரிக்கிற தெருவெல்லோ ஆச்சி" என்றான். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஆடி மாதக் கடைசியில் போன் எடுத்து, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயத் தூள் எப்படி இடிப்பது என்று கேட்டாய். மேடத்துக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது என்றாய். மகள், மூன்று வருடத்துக்கு முன் அந்த மேடத்துக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன் என்றாய். நீ அதை மறந்துவிட்டாய். எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு "மேடத்துக்குச் சுகமா" என்று மட்டும் கேட்டு வைத்தேன். நீயும் "ஓம் அம்மா, சுகம்" என்றாய்.

நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். அப்போது உனக்கு ஒன்பது வயது. உன் அன்னப்பூரணி சின்னம்மா டவுனில் வேதக்காரப் பறங்கியர் வீட்டு மல்கத்தைக் கலியாணம் முடித்த வருடம். நத்தார்ப் பண்டிகைக்குத் தட்டு நிறையக் கேக்கும் பலகாரமும் மூடி அனுப்பியிருந்தாள். நான் உனக்கு முன்னால் அதைக் கோழிக்குக் கொட்டினேன். நீ ஒரு துண்டு கேட்டு அழுதாய், அடித்தேன். அதற்குப் பிறகு இருபத்துநான்கு வருடம் என் கூடப்பிறந்தவளின் வீட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அப்படிப்பட்ட தாயிடம் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

அதனால் இந்தக் கடிதத்தை எழுத முன்பு ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை விதுர்ஷாவையும் கூட்டிக்கொண்டு, சட்டியில் தயிரும் வாங்கிக்கொண்டு, பட்டிருப்புப் பாலம் தாண்டி பஸ் எடுத்து டவுனுக்குப் போனேன். அவர்கள் கோயிலால் வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்த நேரம். அன்னம் என்னைக் கண்டதும் எழும்பவுமில்லை, வா என்று சொல்லவுமில்லை. நரைத்துப்போனாள் மகள். மல்கம்தான் எழும்பி அலுமாரியைத் திறந்து ஒரு கோப்பையை எடுத்து, "அக்கா, இது உங்கட பிளேட்டு. இருபத்துநாலு வருசமாத் தூசு தட்டித் தட்டி எனக்குக் கை உளையுது" என்றான். நான் அதைக் கையில் வாங்கிக்கொண்டு மேசையில் இருந்தேன்.

இஸ்டு ஆக்கியிருந்தாள். கோழியும் உருளைக்கிழங்கும் கரட்டும், கராம்பு இரண்டு, கறுவாப்பட்டை, மிளகாய்த் தூள் இல்லை, இறக்குகிற நேரம் தேங்காய் முதற்பாலும் நாலு சொட்டு வினாகிரியும். பாணோடு தின்ன வேண்டும். அன்னம் அகப்பையால் அள்ளிப் போட்டுவிட்டு, "கோழிக்குக் கொட்டாம நீயே தின்னுகா" என்றாள். தின்றேன். உப்புக் கொஞ்சம் குறைவுதான், சொல்லவில்லை. இன்னொரு அகப்பை போடு என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள். மல்கம் விதுர்ஷாவைக் கூட்டிக்கொண்டு தன் தச்சுப் பட்டறையைக் காட்டப் போய்விட்டான். உன்னைப் பற்றி அன்னத்திடம் மட்டும் சொன்னேன். வேறு ஒருவருக்கும் தெரியாது.

இப்போது காயம். பார்சலில் இருக்கும் பெரிய பொட்டலம் அதுதான். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி எல்லாம் வேறு வேறாக வறுத்து, நானே உரலில் இடித்தேன். பிள்ளை பிறந்துவிட்டதா, இன்னும் வயிற்றிலா என்று எனக்குத் தெரியாததால் இரண்டுக்கும் எழுதுகிறேன். இன்னும் வயிற்றில் என்றால் பொட்டலத்தைத் தொடாதே, சூடு. மற்றச் சின்னப் பொட்டலத்தில் குரக்கன் மா இருக்கிறது, அதில் கஞ்சி வைத்துக் குடி. பிறந்துவிட்டது என்றால் ஒரு நாளைக்கு இரண்டு கரண்டித் தூள் எடு. பத்துப் பல்லு உள்ளியைப் பச்சையாகத் தட்டி, நல்லெண்ணெயில் வதக்கி, தூளைக் கரைத்து விட்டு, சின்னச் சுறா கிடைத்தால் அதைப் போட்டுக் குழம்பாக வற்றவிடு. செத்தல் மிளகாயும் தேங்காயும் கிட்ட வரக் கூடாது. சுறா பால் சுரக்க நல்லது.

ஆனால் இதை நீ ஆக்காதே. முப்பத்தொரு நாள் உனக்கு அடுப்படி கிடையாது. அந்த ஆளை ஆக்கச் சொல். கடுகு ஒரு மணித்தியாலம் ஊற வேண்டும் என்று இவ்வளவு கவனமாகத் திருத்துகிற மனிதனுக்கு இது கஷ்டமில்லை. அவன் என்ன சமயம், உனக்குத் தாலி கட்டினானா, எழுத்து எழுதினானா, ஒன்றும் நான் கேட்கவில்லை. உன்னை நன்றாக வைத்திருக்கிறானா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அவனுடைய கறியை ஸஹீதா சொன்னபடி உப்பும் மிளகாயும் சேர்த்து அரைத்து, மணலையில் இரண்டாம் முறை ஆக்கினேன். ருசி என்று என் வாயால் சொல்லமாட்டேன். சட்டியில் மிச்சம் இருக்கவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

பதிவுத் தாள் இல்லாமல் பிறக்கிற பிள்ளைக்கு அங்கே பெரிய கரைச்சல் என்று கேள்விப்பட்டேன். வேறு யாருக்கோ கேட்பது போல றுஸ்தியிடம் விசாரித்தேன். நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமாம், ஒளிக்க ஒளிக்கத்தான் சிக்கலாம். வெட்கத்தில் றூமுக்குள் கிடக்காதே. அவனும் வர முடிந்தால் கூட்டிக்கொண்டு வா. முடியாவிட்டால் நீ வா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. இன்னும் இரண்டு வருடம் என்று மட்டும் சொல்லாதே மகள். ஊர் கதைக்கும். கதைக்கட்டும். இந்த ஊரில் வாயால் என்னை வென்றவர் இன்னும் பிறக்கவில்லை. விதுர்ஷாவுக்கு நான் சொல்லவில்லை, அதை நீ சொல்ல வேண்டும். அவள் கோபிப்பாள், இரண்டு நாள் தின்னமாட்டாள், மூன்றாம் நாள் வந்து பிள்ளையைத் தா என்று கேட்பாள். அவளை எனக்குத் தெரியும்.

நீ பிறந்தபோது முதல் மூன்று நாள் உன்னைத் தரையில் கிடத்தவே இல்லை. என் அம்மாவும் நானும் மாறி மாறி மடியில் வைத்திருந்தோம். அங்கே உன் பிள்ளையை வாங்கி மடியில் வைக்க யார் இருக்கிறார்கள் என்ற நினைவுதான் எனக்கு ஓயாமல் வருகிறது.

அம்மன் உன்னையும் அதையும் காக்கட்டும். கடிதம் எழுத உனக்கு உடம்பு ஏலாவிட்டால் எழுத வேண்டாம். ஆணா பெண்ணா, என்ன பெயர், அதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி றுஸ்தியிடம் கொடு. பெயர் எந்தப் பாஷையில் இருந்தாலும் தமிழ் எழுத்தில் எழுது, நான் வாசித்துக் கூப்பிட்டுப் பழக வேண்டும்.

இப்படிக்கு,
உன் இரண்டு பிள்ளைகளின் அம்மம்மா,
கோ. ஆச்சிப்பிள்ளை.